அசோக் நகர்த் தண்ணீரில் வெந்த பருப்பு

அண்ணன் அசோக் நகரில் ஒரு மாடிப் போர்ஷனைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஹால் எவ்வளவு நீளம், குழாய் எவ்வளவு பக்கம் என்று கையை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கே யார் இருக்கா?"

"வீட்டுக்காரர் கீழே இருக்கார்ப்பா. திருநெல்வேலிக்காரங்க. தி. நகர்ல பாத்திரக்கடை."

"அதைக் கேக்கலை. என் வயசுல யார் இருக்கா?"

 அப்படியொரு கேள்வியை அண்ணன் எதிர்பார்க்கவில்லை. எனக்கோ அது சட்டென்று பிடித்துக்கொண்டது. மனிதர்களுக்கு வயது உண்டு, மரத்துக்கு உண்டு, கட்டடத்துக்கு உண்டு. ஒரு பேட்டைக்கு வயது உண்டா?

எழுபதுகளின் ஆரம்பம் அது. மந்தைவெளியில் ஒரு கீழ்ப் போர்ஷனில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் கெமிஸ்ட்ரி. அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களுடையது மாதா கோயில் குடும்பம். தலைமுறை தலைமுறையாகச் சாந்தோமைச் சுற்றியே இருந்தவர்கள். அப்பா மந்தைவெளிக்குக் குடிவந்ததையே அத்தைமார் ஏதோ கப்பலேறிப் போனதுபோலப் பேசுவார்கள். விடியற்காலைப் பூசைக்கு நடந்து போவது, திரும்பும்போது பால் பூத் வாசலில் மூன்று சிநேகிதர்களோடு அரைமணி நேரம் நிற்பது, இதுதான் அப்பாவின் நாள். மீதி நேரம் பேப்பர்.

அண்ணனுக்குக் கிண்டியில் தொழிற்சாலை வேலை. அசோக் நகரிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். அண்ணிக்கு ஐந்தாம் மாதம். இருக்கிற ஒன்றரை அறையில் ஆறாவது ஆளைப் படுக்கவைக்க இடமில்லை. அண்ணனும் அண்ணியும் போவது முடிவான விஷயம்தான். அப்பாவும் அம்மாவும் கூடப் போவார்களா, வீடு இரண்டாகுமா என்பதுதான் கேள்வி. அம்மாவுக்குப் பேரப்பிள்ளை இருக்கும் இடத்தில் இருக்கவேண்டும். ஆனால் அப்பாவை விட்டுவிட்டுப் போகமாட்டாள். அப்பா வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றிருந்தார் வீட்டுக்காரர்.

நான் என்ன செய்தேன் என்றால், பிராக்டிகல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேட்டைகளின் வயதைப் பற்றி ஆராய்ச்சியை ஆரம்பித்தேன். மறுநாள் காலை பால் பூத்துக்குப் போய் நின்றேன். வரிசை முழுக்க மஃப்ளர், நரை, மூக்குக்கண்ணாடி. கறுப்புத் தலை என்று பார்த்தால் நான்தான். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி ஒரு நடை போனேன். அங்கேயும் குடைகளும் கைத்தடிகளும்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தன. கல்யாணமான என் கல்லூரி சீனியர் ஒருத்தி அடையாறில் புது வீடு போயிருந்தாள். அவள் தெருவில் கொடிக்குக் கொடி குழந்தைத் துணி. ஆக, கால் கொண்டுபோகிற தூரத்துக்குள் எல்லாம் இருக்கவேண்டும் என்பவர்கள் வயதானவர்கள், பஸ் கொண்டுபோய் விட்டால் போதும் என்பவர்கள் சின்னவர்கள் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்திக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எங்க வீட்டுல பதினாலு பேர்டி. கைக்குழந்தையிலேர்ந்து எழுபது வயசு வரைக்கும் கடைக்கு மேலதான் இருக்கோம்" என்றாள். "கால் எங்க கொண்டுபோவுது, பஸ் எங்க கொண்டுபோவுது? கடை எங்கயோ அங்கதான் எல்லாரும். இதை எந்தக் கட்டத்துல எழுதுவே?"

அடிக்கோடிட்ட வரியை அடித்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு பேச்சை எடுத்தாள். வீடு பார்த்தாயிற்று, வெளிச்சம் பார்த்தாயிற்று, தண்ணீரை யார் பார்த்தது? எங்கள் மந்தைவெளிக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. அதில் பருப்பு வெண்ணெயாக வேகும். உப்புத் தண்ணீர், கடுந்தண்ணீர் உள்ள வீட்டை அவள் வாசலோடு வேண்டாம் என்றுவிடுவாள். புது வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கூஜா தண்ணீர் கொண்டுவந்து பருப்பைப் போட்டுப் பார்த்த பிறகுதான் முன்பணம், பேச்சு எல்லாம். அவள் பக்கத்து உறவில் எல்லோருக்கும் இதே வழக்கம்.

"சோப்பு நுரைக்குதான்னு பார்த்தாப் போதும்மா. லேப்லே அப்படித்தான்" என்றேன்.

"சோப்பையாடி சாம்பார் வைக்கப் போறோம்?"

அப்பா பேப்பரை மடித்தார். "நல்லதாப் போச்சு. தண்ணி கொண்டுவாங்க. பருப்பு வெந்தா நான் வரேன்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அசோக் நகர்ப் பக்கம் தண்ணீர் மோசம் என்று பால் பூத் சிநேகிதர்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கவேண்டும். வரமாட்டேன் என்று மகனிடம் சொல்வதைவிட, அதைப் பருப்பு சொல்லிவிட்டால் நல்லதுதானே.

சனிக்கிழமை அண்ணனோடு போனேன். மணலும் பாதி எழும்பிய சுவர்களுமாக ஊர். பஸ் நிறுத்தத்தில் டிபன் கேரியரோடு இறங்குகிறவர்களில் ஒரு நரைத்தலை இல்லை. வீட்டுக்கார அம்மா கிணற்றில் தானே இறைத்து எங்கள் பித்தளைக் கூஜாவை நிரப்பிக் கொடுத்தார். அண்ணனுக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு வேலை இருந்தது. நான் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினேன்.

திருகுமூடி சரியாக ஏறவில்லை போல. ஒரு திருப்பத்தில் கூஜா சாய்ந்து, பக்கத்தில் நின்றவர் வேட்டி நனைந்துவிட்டது.

"இன்னாமா இது, வூட்ல குளிச்சுட்டுத்தானே வந்தேன். மறுபடியும் குளிப்பாட்டிக்கினு கீறியே" என்றார் அவர்.

"பொண்ணு தண்ணிப்பந்தல் வெச்சுக்கினு போவுது நைனா, டம்ளர் கொண்டாந்திருக்கியா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

தி. நகரில் பஸ் மாற இறங்கி மூடியைத் திறந்தேன். பாதிக்குக் கீழே போயிருந்தது. திரும்பிப் போனால் இருட்டிவிடும். வெறும் அரைக் கூஜாவைக் கொண்டுபோனால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டும். பக்கத்து ஓட்டலில் கூஜாவை நீட்டினேன். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை பிடித்துக் கொடுத்தார்கள். கரைசலில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள் நான். அந்த நிமிஷம் அது கல்லூரி விஷயமாகவும் இது வீட்டு விஷயமாகவும் தோன்றியது.

அம்மா இரண்டு ஸ்டவ் பற்றவைத்தாள். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் கூஜாத் தண்ணீர். இரண்டிலும் ஒரே ஆழாக்கு துவரம்பருப்பு. கூஜாப் பருப்பு கொஞ்சம் பிந்தியது. ஆனால் வெந்தது. அம்மா ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கி அப்பாவிடம் நீட்டினாள். அவரும் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"சரி. சொன்னா சொன்னதுதான்" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி மெதுவாக என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் புது வீட்டில் எனக்கென்று ஜன்னலோடு ஒரு சின்ன அறை உண்டு. இரவெல்லாம் அந்த ஜன்னல் பக்கம் மேஜையை எப்படிப் போடுவது என்று யோசித்தபடி படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. காரணம் மேஜை இல்லை.

ஞாயிறு காலை அப்பா பூசையிலிருந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். சிநேகிதர்களிடம் சொல்லியாயிற்று என்றார். "நாலு பேர்ல ஒருத்தர் போனா மூணு பேராத்தான் நிப்போம், வேறென்னன்னுட்டாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, அங்கே காலையிலே நடக்கிறவங்க யாராவது உண்டா? பார்த்தியா?" என்றார்.

சொல்லிவிட்டேன். கூஜா, வேட்டி, ஓட்டல், எல்லாம்.

அண்ணனுக்கு வந்ததே கோபம். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? உன்னை யாரு கேட்டா?"

"கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணு" என்றாள் அம்மா.

அப்பா செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "கூஜாவை எடு. இன்னிக்கு நானே இறைச்சுக்கறேன்."

அசோக் நகர்க் கிணற்றடியில் அப்பா கூஜாவை நிரப்பி, மூடிக்கு அடியில் துணி வைத்து இறுக்கியபோது பத்து மணி இருக்கும். வீட்டுக்காரர், "சார் மேல் போர்ஷனுக்கு வரப்போறவங்க. வாத்தியார்" என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஆள் கோடம்பாக்கத்து ஸ்டுடியோவில் லைட் போடுகிறவர், முப்பது வயதுகூட இருக்காது. நேரே வந்து சாவியை அப்பா கையில் வைத்தார்.

"பெரியவரே, ஷூட்டிங்குக்கு வண்டி வந்துக்கினு கீது. வூட்டுக்காரி மார்க்கெட் போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் வெச்சுக்கினு இருங்க. இந்தத் தெருவுல நம்பிச் சாவி குடுக்கப் பெரியவங்கன்னு ஒரு ஆள் கெடையாது."

அப்பா சாவியைப் பார்த்தார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண், டெலிபோனில் வேலையாம், ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்டாம், பால் பாத்திரத்தைக் கொண்டுவந்து படியில் வைத்து, "ஐயா, பால்காரர் வந்தா வாங்கி வெச்சிருவீங்களா?" என்றாள். இன்னொருத்தி வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "இது காது வலியா, பல்லா, ஒண்ணும் புரியலைங்க. ஊர்லேர்ந்து யாரும் இல்லை. கொஞ்சம் பாருங்களேன்."

அப்பா எங்களைக் கையில் தூக்கி வைத்திருந்ததாக எனக்கு நினைவே இல்லை. அந்தக் குழந்தையை மடியில் வாங்கி, ஈறில் விரலை வைத்துப் பார்த்து, "பல்லு" என்று தீர்ப்புச் சொன்னார். அது கடித்தது. விரலை எடுக்கவில்லை.

பால்காரர் வந்து போகும்வரை இருந்ததில் இரண்டு பஸ்களை விட்டோம். மூன்றாவதில் திரும்பும்போது, "உங்க வயசுல ஒருத்தரையும் காணோமேப்பா" என்றேன்.

"ஆமா, ஒருத்தர்கூட இல்லை" என்றார், ஜன்னலோர சீட்டுக் கிடைத்தவர் மாதிரிச் சந்தோஷமாக. நோட்டில் எழுத முடியாத ஏதோ ஒன்று அது என்று மட்டும் தெரிந்தது.

அம்மா பருப்பைப் போட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. பருப்பு கூழாங்கல் மாதிரி அடியில் உருண்டுகொண்டிருந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"வேகலை" என்றாள் அம்மா. அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் வையேன்" என்றார் அப்பா.

"இதுக்கு மேலேயா?"

"நேத்து பாதிக்குப் பாதி கலந்து வெந்துச்சில்ல? அங்கேயும் தெருக்குழாய்ல காலையில ஒரு மணி நேரம் தண்ணி வருதாம். சமையலுக்குப் பிடிச்சு வெச்சுக்கிட்டாப் போவுது."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நேத்து வெந்ததுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. இன்னிக்கு வேகலைன்னதுக்கும் தூக்கி வெச்சுக்கறீங்க. உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

 சட்டைப்பையில் கைவிட்ட அப்பா அப்படியே நின்றார். வெளியே எடுத்தபோது கையில் லைட்காரர் வீட்டுச் சாவி இருந்தது. அவர் மனைவி மார்க்கெட்டிலிருந்து வருமுன்பே நாங்கள் பஸ் ஏறிவிட்டோம். குழந்தைக் கூத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே சாவி நினைவில்லை.

"ஐயோ பாவம், வாசல்ல நிக்கப்போறா" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நான் போய்க் கொடுக்கறேன்ப்பா" என்று அண்ணன் எழுந்தான்.

"என்கிட்டேதானே கொடுத்தாரு" என்றபடியே அப்பா தெருவில் இறங்கிவிட்டார்.

அம்மா அவர் போவதைக் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம், "ஓடிப்போய்ச் சொல்லுடி. வீட்டுக்காரர்கிட்டே வரோம்னு சொல்லிட்டு வரச் சொல்லு. தபசு காலம் முடியட்டும், ஈஸ்டர் கழிச்சு. குழாய்த் தண்ணி எத்தனை மணிக்கு வருதுன்னு சரியாக் கேட்டுக்கிட்டு வரச் சொல்லு" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்துச் சொன்னேன். "சரி சரி" என்றார், வருகிற பஸ்ஸின் எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டே. பஸ் நின்றது. நானும் ஏறிக்கொண்டேன்.