கடைசி அத்தியாயத்துக்கு முன்னால்

தேயிலைத் தோட்டங்கள் வழியாக ரிங்லெட் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அக்கா, கொழுந்துக் கறை ஏறிய விரல்களை மடக்கிக்கொண்டு, மகளின் பள்ளி நூலகப் புத்தகத்தைப் புறங்கையால் புரட்டிக்கொண்டிருந்தார். கொடுங்கோல் அரசை ஒரு பதினாறு வயதுப் பெண் எதிர்க்கும் நாவல். நான் நான்கு முறை படித்தது!

"கதை எப்படிக்கா?"

"இந்தப் புள்ள அரசாங்கத்தையே எதிர்க்குதுலா! எனக்கு மேனேஜர்கிட்ட, 'தோட்டத்து லைன் வீட்ட காலி பண்ண மாட்டோம்'னு சொல்லவே பயமா இருக்கு. அதுக்குத்தான் இப்ப ஆபீஸ் போறேன்."

கடைசி அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்.

"முடிக்கலையா?"

"அவ தோத்துட்டான்னா நான் எறங்க மாட்டேன் தம்பி."

தோட்டத்து வாசலில் இறங்கி, விறுவிறுவென்று ஆபீஸை நோக்கி நடந்தார். அந்த நாவலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். அதைப் படித்துவிட்டு எழுந்து போன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.