கொளஞ்சி ஊத்தின தண்ணி

கொளஞ்சியைப் பத்திப் பேசணும்னா லாரியிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். அவனுக்கு வேற விலாசம் கிடையாது. விருத்தாசலம் பக்கத்துலேர்ந்து இருபது வயசுல இங்க பாண்டிச்சேரிக்கு வந்தவன். அப்பா அம்மா போனதும் நிலத்தை அண்ணன்காரன் தன் பேருக்கு எழுதிக்கிட்டான். இவன் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. கல்யாணமும் பண்ணிக்கல. முசே கிளோத் லாரியில பதினெட்டு வருஷம் டிரைவர். கிளோத் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவர், அதனால ஐயான்றதுக்குப் பதிலா முசேன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம், ரெட்டியார்பாளையத்துல வீடு, மாசமானா பென்ஷன். அவருக்கு லாரி ஒரு பொழுதுபோக்கு. கொளஞ்சிக்கு அதுதான் வீடு. கேபின்லதான் படுப்பான், ரெண்டு சட்டையும் அங்கதான் தொங்கும்.

நான் ஜாகிர். மூலக்குளத்துல டீசல் மெக்கானிக். என் வீட்டுக்காரி கரீமா மவுத்தாகி, பொண்ணு மரீஹாவும் கல்யாணமாகி காரைக்கால் போனப்புறம் நான் ஒண்டிக்கட்டை. ஞாயித்துக்கிழமை லோடு இருக்காது. கொளஞ்சி வண்டியை என் ஷெட் வாசல்ல போட்டுட்டு, பம்ப் ஸ்டவ்வைப் பத்தவச்சு மீன் கொழம்பு வைப்பான். சும்மா சொல்லக்கூடாது, கை மணம் அப்படி. சாப்பிட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் படுத்துடுவோம். பெருசா பேச்சு எதுவும் இருக்காது. பக்கத்துல ஒரு ஆள் குறட்டை விட்டாலே எனக்குப் போதும்னு இருக்கும். அதை அவன்கிட்ட நான் சொன்னதில்ல.

ரெண்டாயிரத்து ஆறு, சித்திரை மாசம். ரேடியேட்டர்ல தண்ணி குறையுதுன்னு வந்தான். காலைல ரொப்பிட்டு சேதராப்பட்டுல லோடு ஏத்திக்கிட்டு மெட்ராஸ் போறான், திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு லிட்டர் காணோம். எங்க போவுதுன்னு தெரியல. வண்டிக்கு அடியில ஒரு சொட்டு ஈரம் இல்ல. ஹோஸ் எல்லாம் நல்லா இருக்கு. ஆயில்ல தண்ணி கலந்தா மோர் மாதிரி வெளுத்துப்போவும், இதுல ஆயில் சுத்தமா இருக்கு. சைலன்சர்ல வெள்ளைப் பொகையும் இல்ல. சரி, என்ஜின் மேல்மூடி ஹெட்டைக் கழட்டிப் பாத்துடுவோம்னு ரெண்டு நாள் ஒக்காந்து கழட்டினேன். விரிசல் எதுவும் இல்ல. தண்ணி கசியாம நடுவுல வைக்கிற கேஸ்கெட்டையும் புதுசா போட்டு மாட்டி அனுப்புனேன். மறுநாளே வந்து நிக்கிறான், அதே ரெண்டு லிட்டர்.

எனக்குக் கோவம் மூக்கு மேல இருக்கும், ஊருக்கே தெரியும். முப்பது வருஷமா நான் கை வச்ச வண்டி இன்னொரு ஷெட்டுக்குப் போனதில்ல. இது என்னை ராவும் பகலும் அரிச்சுது.

ஒரு நாள் காலைல அவன் ஏர் டேங்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு இருந்தான். லாரி பிரேக் காத்துல வேலை செய்யும். அந்தக் காத்தைச் சேத்து வைக்கிற டேங்க்குல ஈரம் தங்கிடும்னு, டிரைவருங்க தெனம் காலைல அடியில இருக்கிற குழாயைத் திறந்து தண்ணியை வெளிய விடுவாங்க. எங்களுது கடலோர ஊரு. அந்தத் தண்ணியை யாரும் ஒரு பொருட்டா மதிக்கிறதில்ல.

"இப்பல்லாம் சொம்பு சொம்பா வருது பாய்"ன்னான் கொளஞ்சி.

"பாண்டிச்சேரில காத்தைப் பிழிஞ்சாலே தண்ணி வரும். போய் வேலையப் பாருடா"ன்னேன். அவனும் சிரிச்சுட்டுப் போயிட்டான்.

அடுத்த வாரம் திண்டிவனம் தாண்டி என்ஜின் சூடேறி வண்டி நின்னுபோச்சு. கட்டி இழுத்து என் ஷெட்டுக்குக் கொண்டாந்தாங்க. கிளோத் வந்தார். எதிர்த்த டீக்கடையில இருந்தவனெல்லாம் கூடிட்டான். கோளாறு வண்டியிலயா, ஓட்டறவன்கிட்டயான்னு கிளோத் என்னைக் கேட்டார். என் வார்த்தைக்கு மேல அவருக்கு வார்த்தை இல்ல. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து, சின்ன வார்த்தை, என் வாயில வரல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான்.

"என்ஜின்ல ஒண்ணும் இல்ல முசே. இவன் ஊத்தாமலே ஓட்டிட்டு, ஊத்தினேன்னு பொய் சொல்றான்"னேன்.

கொளஞ்சி என்னைப் பாத்தான். கிளோத் அங்கயே சாவியை வாங்கிக்கிட்டார். அவன் கேபின்ல ஏறி ஸ்டவ்வு, சட்டி, போர்வை, ரெண்டு சட்டை எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுக்கிட்டு வில்லியனூர் ரோட்டுல நடந்தே போனான். எங்க போவான்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு நான் கேக்கவும் இல்ல.

என்ஜினைச் சரி பண்ணிக் குடுத்தேன். தற்காலிகமா சேலத்து ஆளு ஒருத்தர், தெய்வசிகாமணின்னு, ஓட்ட வந்தார். இந்தத் தடவை கிளோத் வெறும் தண்ணி வேணாம்னு சொல்லி, ரேடியேட்டருக்குன்னே கடையில விக்கிற பச்சைக் கூலண்ட் டப்பா வாங்கி ஊத்தச் சொன்னார். மூணாம் நாள் காலைல அந்த ஆளு என் ஷெட் வாசல்ல ஏர் டேங்க் குழாயைத் திறந்தார். பச்சையா வந்துது.

நான் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? காத்தடிக்கிற கம்ப்ரஸர் சூடாகாம இருக்க என்ஜின் தண்ணிதான் அதைச் சுத்தி ஓடும். கழட்டிப் பாத்தா அதோட கேஸ்கெட் ஒரு நகக்கண்ணு அகலத்துக்கு அரிச்சுப் போயிருக்கு. தண்ணி அந்த வழியா காத்தோட சேந்து டேங்க்குக்குப் போயிருக்கு. இத்தனை நாளும் வெறும் தண்ணி ஊத்தினதால கடல் ஈரம்னு நெனச்சோம். ஒரு மணி நேர வேலை அது. அவன் சொன்னதைக் காதுல வாங்கியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

ஒரு வாரம் யார்கிட்டயும் சொல்லல. வெக்கம். ஞாயித்துக்கிழமை ஷெட்டுல தனியா ஒக்காந்து பொட்டலச் சோறு தின்னேன், எறங்கல. மறுநாளே கிளோத் வீட்டுக்குப் போய் தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன். அவனைக் கூட்டிட்டு வா, சாவி தர்றேன்னார்.

சேதராப்பட்டுல ஒரு கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா இருக்கான்னு டிரைவருங்க சொன்னாங்க. மத்தியானம் மூணு மணி வெயில்ல போய் எறங்கினேன். காக்கிச் சட்டை அவனுக்குத் தொளதொளன்னு இருந்துது, எளைச்சுட்டான். கேட்டுக்கு வெளியவே நின்னு எல்லாத்தையும் சொன்னேன். பச்சைத் தண்ணி, கேஸ்கெட், கிளோத் சொன்னது, ஒண்ணு விடாம. டீக்கடை ஆளுங்க முன்னாடியே சொல்றேன், வாடா, மன்னிச்சுடுன்னு கையைப் புடிச்சேன். எனக்கு அழுகை வந்துடுச்சு. அவன் கையை உருவிக்கல, அப்படியே விட்டிருந்தான்.

"அது பச்சையா வந்துச்சு, நீங்க வந்தீங்க. பச்சையா வரலைன்னா?"ன்னு கேட்டான். "இன்னிக்கும் நான் பொய்யன்தானே பாய் உங்களுக்கு?"

புடிச்சிருந்த கையை நான் விட்டுட்டேன்.

உள்ளேர்ந்து ஒரு லாரி ஹாரன் அடிச்சுது. அவன் போய் கேட்டைத் திறந்துவிட்டு, நம்பரை நோட்டுல எழுதிக்கிட்டு வந்தான். அப்புறம் அதே நோட்டுல என் பேரையும் எழுதினான். கேட்டுக்கு யார் வந்தாலும் எழுதணுமாம், சூப்பர்வைசர் பாப்பாராம். ஜாகிர், மூலக்குளம், நேரம் மூணு இருபது. யாரைப் பார்க்கன்னு இருந்த கட்டத்துல தன் பேரை எழுதாம ஒரு கோடு இழுத்தான். நோட்டை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடுங்க பாய்னான். போட்டேன்.