சும்மா கட்டிய வேப்பிலை

மூட்டைப்பூச்சியைப் பற்றி வேடிக்கையாக ஒன்று எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்க என்னால் ஆகாது... மன்னித்துவிடுங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் தேசப்பன். கடலுக்குப் போகிறவர். மனைவி கன்னியம்மாதான் எங்களுக்கு மீன் கொடுப்பவள். கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. வேண்டாத சாமி இல்லை. ராயபுரத்து லேடி டாக்டரிடம் நடையாய் நடந்து, ஊசியும் மருந்துமாய்க் கிடந்து, ஒருவழியாக இந்த வருஷம் வயிற்றில் தங்கியது.

தங்கிய நேரத்தைப் பாருங்கள் — ஊரெல்லாம் வைசூரி.

"யாரையும் உள்ளே விடாதே. வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து" என்று டாக்டரம்மா எச்சரித்து அனுப்பினார். சொல்வது சுலபம். ஆசையாகக் குழம்புச் சட்டியோடு வந்து நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியை வாசலோடு திருப்பி அனுப்ப முடியுமா?

தேசப்பன் யோசித்தார். அம்மை கண்ட வீட்டில் செருகுவதுபோல் வாசலில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிவிட்டார். அவ்வளவுதான், ஈ காக்காய்கூட அண்டவில்லை.

"பாத்தியா நைனா, ஆத்தாவே காவலுக்கு நின்னுகினு கீறா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். வாசலைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சும்மா கட்னதும்மா. உள்ள ஒண்ணியும் இல்ல, வாம்மா" என்று தேசப்பன் கெஞ்சினார்.

"வேப்பிலைய எவனாச்சும் சும்மா கட்டுவானா? இங்க தொட்டுட்டு இன்னொரு புள்ளத்தாச்சிய நான் எப்டி தொடுவேன்?"

அவர் கொத்தைப் பிடுங்கி எறிந்தார். அது இன்னும் வினையாகிப் போயிற்று. "ஆத்தாவையே பிச்சுப் போடுறியே, பாவி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் திரும்பிவிட்டாள். பின்னாலேயே ஓடி நானும் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. ஜட்கா வண்டிக்காரனும் அம்மை வீட்டு ஆளை ஏற்ற மாட்டேன் என்று தெருமுனையிலேயே திரும்பிவிட்டான்.

கடைசியில் மீன் ஏற்றும் கைவண்டியில் கன்னியம்மாவைப் படுக்கவைத்து, நாங்கள் இரண்டு பேரும் ராயபுரம்வரை தள்ளிக்கொண்டு போனோம். குழந்தை குறுக்கே கிடந்ததாம். ஆண் குழந்தை. மூச்சு இல்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாலே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா முடிக்கவில்லை.

யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்? டாக்டரம்மா சொன்னதில் என்ன தப்பு? தேசப்பன் பெண்டாட்டியைக் காப்பாற்றத்தானே பார்த்தார்? மருத்துவச்சியைச் சபிக்கலாமென்றால், அவள் அடுத்துப் போகவிருந்ததும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வீடு. ஆளுக்கு ஆள் ஜாக்கிரதையாக இருந்தோம். அதில் ஒரு உயிர் போய்விட்டது. இதற்குமேல் மனிதன் என்னதான் செய்வான்?

நேற்று பார்க்கப் போனேன். கன்னியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "வேப்பிலைய கட்டாத இருந்தா எம்புள்ள இருந்திருக்கும் இல்ல சார்?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வீட்டுக்கு அம்மையும் வரவில்லை... அம்மா என்று கூப்பிடவும் யாரும் வரவில்லை.