நீல மையில் ஒரு வரி

இரு வாரங்களுக்கு முன் பெய்த மழையில், ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக் கீழறைக்குள், அந்த பேஸ்மென்றுக்குள், தண்ணீர் வந்துவிட்டது. நான்கு விரல் உயரம், அளந்து பார்த்தேன். நாட்குறிப்புகளை ஆண்டு வரிசையில் பெட்டிகளில் அடுக்கியிருந்தேன். வரிசையாக அடுக்கினால் மிகப் பழையதுதான் அடியில் போகும், ஆகவே அதுதான் நனைந்தது. என் ஒழுங்கு எனக்குச் செய்த உதவி இவ்வளவுதான்.

ஈரக் கடதாசியின் மணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பழைய கோணிச் சாக்கும் கொஞ்சம் புளிப்பும் கலந்த மாதிரி இருக்கும். எனக்கு அது தேவாலயத்து மணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோ நகர் நடுவே இருந்த மிகப் பழைய அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்றில் எனக்குப் பராமரிப்பு வேலை. கூட்டுவது, துடைப்பது, படிகளில் பனி வழிப்பது. நான் திருநீறு பூசுகிற ஆள். வயதான பாதிரியார் அதைப் பொருட்படுத்தவில்லை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், பதிவறையில் கொஞ்சக் காலம் வேலை செய்தவன் என்று அறிந்ததும், கீழறையில் இருந்த பதிவேட்டு அலுமாரியின் திறப்பையும் என்னிடமே தந்துவிட்டார்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று எல்லாம் தோல் அட்டைப் பதிவேடுகள். பழையவற்றில் மண்ணிற மை. மதியம் சாப்பிட்டு, கை கழுவித் துடைத்த பிறகு புரட்டுவேன். 'கப்பலில் வந்த பெண், பெயர் தெரியாது' என்றொரு அடக்கப் பதிவு இருந்தது. அதைத் தாண்டிப் போக எனக்கு எப்போதும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

கடைசி ஞானஸ்நானப் பதிவேட்டில் மெர்சி அக்காவின் பிள்ளை இருந்தான். அவர் எங்கள் ஊர்க் கிறிஸ்தவர், தையல் தொழிற்சாலையில் வேலை. பிள்ளை ஐந்து மணித்தியாலந்தான் உயிரோடு இருந்தான். பாதிரியார் ஆஸ்பத்திரிக்கே போய் ஞானஸ்நானம் கொடுத்து, திரும்பி வந்து தன் நீல மைப் பேனாவால் பெயரை எழுதினார். அரசாங்கக் கடதாசியில் 'ஆண் குழந்தை' என்று மட்டுமே இருந்தது. சான்றிதழ் தரட்டுமா என்று அவர் கேட்டதற்கு அக்கா மறுத்துவிட்டார்.

"வீட்டிலை வைச்சா நாள் முழுக்க அதையே பாத்துக்கொண்டிருப்பன் தம்பி. இஞ்சையே இருக்கட்டும்."

பிள்ளை பிறந்த மாதம் என்று ஒவ்வொரு மாசியிலும், வேலைக்குப் போகும் வழியில் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

மூன்றாம் வருட வசந்தத்தில் கீழறைக் குழாய் வெடித்தது. பாதிரியார் அதற்குள் காலமாகிவிட்டார். புதியவர் இன்னும் வரவில்லை. யாரையும் கேட்காமல் நானே நனைந்த பதிவேடுகளை வெளியே தூக்கி வந்தேன். எங்களுக்கு நனைந்தது எதுவென்றாலும் வெயிலில்தான் போட வேண்டும். மிளகாய், பாய், பாடப்புத்தகம், கச்சேரிக் கோப்பு, எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். புல்லில் பலகை போட்டு, பதிவேடுகளை விரித்து, ஓரத்தில் கல் வைத்தேன். மூன்று நாள் நல்ல வெயில். நான் வலு திருப்தியாக இருந்தேன்.

மண்ணிற மை அசையவில்லை. கப்பலில் வந்த பெண் அப்படியே இருந்தாள். தண்ணீரில் வெளிறியும் வாசிக்கக்கூடியதாய் இருந்த நீல மையைத்தான் வெயில் குடித்துவிட்டிருந்தது. விரித்தபடி கிடந்தது மெர்சி அக்காவின் பிள்ளையுடைய பக்கந்தான்.

அடுத்த மாசியில் அக்கா வந்தார். வெற்று வரியை விரலால் தடவிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"நீரே மேலாலை எழுதிவிடுமன்."

"ஏலாதக்கா. அது பாதிரியாற்றை எழுத்து. நான் தொட்டா அது பதிவில்லை."

"வெயிலிலை போட்ட கைக்குப் பேனை பிடிக்க ஏலாதாமோ?"

 அடுத்த நாள், பிள்ளை பிறந்த வருடத்து என் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவருடைய அப்பார்ட்மென்றுக்குப் போனேன். சாதாரண குமிழ்முனைப் பேனா எழுத்து. அவர் சத்தமாக வாசித்தார்: "'பனி. படி இரண்டு தரம் வழித்தேன். மெர்சி அக்காவின் மகனுக்கு ஆஸ்பத்திரியில் ஞானஸ்நானம். பெயர் அன்புராஜன். வரும் வழியில் பால் வாங்கினேன்.'"

 பிறகு, "பால் வாங்கினதும் எழுதியிருக்கிறீர்," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அழுகையில் முடிந்தது. "உந்தக் குறிப்பை நீரே வைச்சிரும். நான் வந்து பாக்கிறன்."

வந்தார், ஐந்து மாசி. பிறகு அஜக்ஸ் நகரப் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். இரண்டு தடவை தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. தேவாலயம் இப்போது அடுக்குமாடி வீடுகள். கல் முகப்பை மட்டும் விட்டிருக்கிறார்கள். பதிவேடுகள் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில், வெற்று வரியோடு.

நனைந்த அந்த நாட்குறிப்பை இந்த முறை வெயிலில் போடவில்லை. வீட்டுக் கீழறையிலேயே மின்விசிறி வைத்து, தாளுக்குத் தாள் துடைதாள் செருகி உலர்த்த, ஒன்பது நாள் எடுத்தது. ஒட்டிக்கிடந்த மாசிப் பக்கம் நேற்றுத்தான் பிரிந்தது. பனி இருக்கிறது, பெயர் இருக்கிறது, பாலும் இருக்கிறது. வாசித்துக் காட்டத்தான் ஆளில்லை.