பள்ளத்தாக்குக்கு ஷேடு பார்த்தோம்

போன வாரம் அமெரிக்காவில் ஒரு தேசியப் பூங்கா. வியூபாயின்ட்டில் கம்பித் தடுப்பை ஒட்டி ஏகக் கூட்டம். கீழே, கண்ணுக்கு எட்டிய வரை சிவந்த பள்ளத்தாக்கு. எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் மட்டும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு துண்டுத் துணியைப் பாறைக்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தார்.

கிறுக்கா என்று கேட்காதீர்கள். துணியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்!

பெருமாநல்லூரில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. எங்களிடம் சரக்கு வாங்கும் பையர், ஒரு அமெரிக்க அம்மா; அவருக்கு டி-ஷர்ட் வேண்டும் — இந்தப் பள்ளத்தாக்கின் சிவப்பில். சாயம் போட்டு சாம்பிள் அனுப்பினோம். "இந்தச் சிவப்பு இல்லை" என்றார். மாற்றி அனுப்பினோம். "இதுவும் இல்லை." மூன்றாவதும் அப்படியே. இந்த சீசனுக்கு எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு ஆர்டர்தான். அந்த வாரமும் ஓகே ஆகாவிட்டால் அது வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்ற நிலை...

பனியன் கண்காட்சி ஒன்றுக்காக அந்த நாட்டுக்குப் போயிருந்தோம். "ஏனுங்க, பள்ளத்தையே நேர்ல பாத்துரலாமுங்க" என்று மூன்று சாம்பிள் துணிகளோடு அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன். ஷேடு, அதாவது சாயத்தின் நிறம், பார்ப்பதென்றால் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோவதுதானே எங்கள் வழக்கம்?

மத்தியானம் முதல் சாம்பிள் அச்சு அசலாகப் பொருந்தியது. "பாத்தீங்களா!" என்றேன்.

நாலு மணிக்கு அது பொருந்தவில்லை. இரண்டாவது பொருந்தியது. வெயில் சாய்ந்ததும், மூன்றாவது.

"ஏம்புள்ள, இந்தப் பாறைக்கே ஷேடு நிக்க மாட்டேங்குது... எதைப் பாத்து நான் சாயம் போடறது?" என்று அவர் துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் விடுவேனா? அந்தந்த நேரத்தில் சாம்பிளைப் பாறையோடு சேர்த்து எடுத்த போட்டோக்களை பையருக்குத் தட்டிவிட்டேன். 'நீங்கள் வேண்டாம் என்ற மூன்றுமே இந்தப் பள்ளத்தாக்கின் சிவப்புதான், மேடம். நீங்கள் எந்த நேரத்தில் பார்த்தீர்கள்?'

கார் ஏறுவதற்குள் பதில் வந்தது. 'நான் அங்கே போனதே இல்லை. ஆபீஸ் காலண்டரில் பார்த்ததுதான்! சாயங்காலச் சிவப்பு அழகு. ஓகே.'

வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்திருக்கும் — இப்படி நாமாகத்தானே நினைத்துக்கொண்டு நடுங்குகிறோம்?

இவர் மெசேஜைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அந்தம்மாளையும் ஒருக்கா நேர்ல வந்து பாக்கச் சொல்லு புள்ள."

சொல்வேனா? சரக்கு கப்பல் ஏறும்வரை அந்தம்மா அந்தப் பள்ளத்தாக்குப் பக்கமே போகக்கூடாது!