மோட்டாரை மாற்ற மாட்டேன்

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்தேன். பால் காய்ச்சினேன். புரட்டாசிச் சனி என்பதால் தலைக்குக் குளித்தேன். வீட்டுக்காரர் நாமம் போட்டுக்கொண்டு வருவதற்குள் இட்லியைப் பொட்டலம் கட்டிவிட்டு, படகை மேசைமேல் எடுத்து வைத்தேன்.

ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு, என் கை நீளம் இருக்கும். எங்கள் கிளப்பில் படகு விடும் ஒரே பெண் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வியாழக்கிழமை பயிற்சியில் என் படகு நடு ஏரியில் நின்றுவிட, கிளப் தலைவரின் படகு அதில் இடிக்கப் பார்த்தது. கரைக்கு இழுத்துத் தொட்டால் மோட்டார் தோசைக்கல். புது மோட்டார் போடுங்கள், இல்லாவிட்டால் பந்தயத்தில் பெயர் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மோட்டாரில்தான் கோளாறு என்று யார் பார்த்தது? என்ன கெட்டது என்று தெரியாமல் எதையும் கழற்ற மாட்டேன். காலேஜ் பிசிக்ஸ் லேபில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று விழிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று.

வெள்ளி மாலையே பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றி, நிறைந்தவற்றுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். சனி காலை திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். விசிறியைச் சுழற்றும் தண்டுக்கு கிரீஸ் வைத்தேன். படகு நின்றால் இழுக்க, நுனியில் பந்து கட்டிய தூண்டில். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், அதற்கு மேல் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

புத்தூரிலிருந்து வடமாலபேட்டை வரை ரோடெல்லாம் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள். ஏரிக்கரையில் கிளப் தலைவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

“இன்னா அக்கா, புது மோட்டாரா?”

“பழசுதான்.”

“ஐயோ ராமா! சார், நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“நான் சொல்லி எங்க வீட்டுல எது நடந்துக்கினு கீது?” என்றார் இவர்.

முதல் ஓட்டம், எதையும் மாற்றாமல். நான்காவது சுற்றில் நின்றது. தூண்டிலை வீசி இழுத்தேன். இரண்டாவதற்கு, தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று போட்டேன். பாரம் குறைந்தால் சூடும் குறையவேண்டும். ஆறாவது சுற்றில் நின்றது.

“அக்கா, ஊரிகே, சும்மா டைம் வேஸ்ட். என்கிட்ட ஸ்பேர் மோட்டார் கீது, எடுத்துக்கோங்க,” என்றார் தலைவர். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது.

“உங்க மோட்டாரும் வெந்துபோச்சுன்னா யாரைக் கேப்பீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

ஓடும்போது படகு ஏரித் தண்ணீரையே குழாயில் உறிஞ்சி, சூடு தணிய மோட்டாரைச் சுற்றி ஓடவிட்டு, பக்கத்திலுள்ள துளை வழியே நூல்போலப் பீய்ச்சும். வெயில் பளபளப்பில் நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் படகைக் கரையை ஒட்டி விட்டு, இவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

“தண்ணி வருதா?”

“ஒரு சொட்டு கூட இல்ல.”

உடனே கரைக்குக் கொண்டுவந்தேன். குழாயில் வாய் வைத்து ஊதினால் காற்று போகவில்லை. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் துளைக்குள் விட்டுச் சுரண்டினேன். மஞ்சளாகக் கட்டி ஒன்று உதிர்ந்தது. முனையில் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். புதன்கிழமை ஆயுத பூஜை. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார் என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தவர் இவர்தான். படகின் மேல்தட்டில் இருந்ததை அன்று இரவே நான் துடைத்துவிட்டேன். பக்கவாட்டில் வைத்திருப்பார் என்று யார் கண்டது?

“அந்த ஓட்டை ரவுண்டா, பொட்டு வைக்கவே உட்டா மாதிரி இருந்துச்சு,” என்றார்.

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “ஆனாலும் அக்கா, மூணு நாலு வாட்டி சூடேறின மோட்டார். பந்தயத்துல நின்னா எல்லார் படகும் வந்து மோதும். ரிஸ்க் வேணாம், மாத்திடுங்க,” என்றார்.

“மாத்த மாட்டேன். நாளைக்கு பந்தயத்துக்கு முன்னாடி முழுசா ஓட்டிக் காட்றேன். நின்னா நானே பேரை அடிச்சுடறேன்.”

“பெட்டுக்கா?”

“பெட்டுக்கு இல்ல. என் படகு, எனக்குத் தெரியும்.”

நான்காவது ஓட்டத்தை அன்று விடவில்லை. மோட்டார் முழுக்க ஆறட்டும் என்று படகைத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். வழியில் இவர் ஏதோ பேச்செடுத்தார். நான் இட்லியைத் தின்றுகொண்டு வந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, காற்று எழும்புவதற்கு முன், பழைய மோட்டாரோடு படகைத் தண்ணீரில் விட்டேன். பக்கத்தில் நூல்போலத் தண்ணீர் பீய்ச்ச, பந்தயத்துக்குரிய சுற்றுகள் அத்தனையும் ஓடிக் கரைக்கு வந்தது. மூடியைத் திறந்து தலைவரிடம் நீட்டினேன்.

“தொட்டுப் பாருங்க.”

உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வரிசையில் தன் படகைத் தள்ளி வைத்து, என்னுடையதற்கு இடம் விட்டார்.