சர்க்கரை கிளினிக்கில் ஒரு ஜவுளிக்கடைக்காரர்

வயதான சர்க்கரை நோயாளிக்கு மறதி என்று முடிவு கட்டுவதற்கு முன், மனச்சோர்வு உண்டா என்று விசாரிக்க வேண்டும். அதுதான் விதி. நான் சர்க்கரைக்குப் போகும் மயிலாப்பூர் கிளினிக்கில் கூட்டம் சேர்ந்தால் விதிக்கு விடுமுறை.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பேச்சு. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் சட்டை நுனியைப் பிடித்துக் கசக்கிப் பார்ப்பார். என்னுடையதையும் கசக்கினார்.

"காட்டன்னு சொல்லியா குடுத்தான்? நல்லா ஏமாத்திட்டான் சார்."

அன்று அவருக்கு ஞாபகப் பரீட்சை. தேறாவிட்டால் கல்லாவில் உட்காரக் கூடாது என்பது மகனின் உத்தரவு. நர்ஸ் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டாள். அவர் வாயே திறக்கவில்லை. 'மறதி' என்று எழுதினாள்.

"மனசைப் பத்திக் கேக்கவே இல்லியேம்மா?" என்றேன்.

"ஐயோ மாமா, வெளிய எவ்ளோ கூட்டம் பாருங்க! நீங்களே கேட்டுக்கோங்க."

அவள் நகர்ந்ததும் அவர் என் காதருகே குனிந்தார். "மாம்பழம், சாவி, குடை. இது கூடவா தெரியாது?"

"அவகிட்ட சொல்றதுதானே?"

"சொல்லி என்ன சார் ஆவப்போவுது?"

"மனசுல வருத்தம் ஏதாவது உண்டா?"

"அந்தச் சரக்கு நம்ம கடையில கெடையாது."

அரசு அலுவலகத்தில் பதிலுக்குக் காத்திருந்தே ஓய்வு பெற்றவன் நான். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"உண்டு சார். டாக்டர்கிட்ட கூட வாரீங்களா?" என்று அவர் கடையிலிருந்து இல்லாமல் வீட்டிலிருந்து போன் செய்தது, ஜவுளிக்கடைக்காரர் எவருக்கும் மூச்சுவிட நேரமில்லாத தீபாவளிக்கு முதல் நாள்.